கண்ணுக்குள் ஒரு மதகு

திருவொற்றியூரில் கண்ணொளி இழந்த சுந்தரர், அங்கிருந்து புறப்பட்டு முதலில் சென்று பாடிய தலம் வடதிருமுல்லைவாயில் என்கிறது பெரியபுராணம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இன்று ரயிலில் கடந்துபோகும் அதே திருமுல்லைவாயில்தான். அடுத்து திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டும். அந்தக் கோயிலின் பழைய இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். காஞ்சியில் இடக்கண் கிடைக்கிறது. வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருக்கிறது. குன்றத்தூர்க்காரரான சேக்கிழாருக்கு இந்தப் பக்கத்து வழிகளெல்லாம் பழக்கமானவையாக இருந்திருக்க வேண்டும். கண் தெரியாத ஒருவர் ஊர் ஊராக நடக்கும் அந்தப் பகுதியை, பக்திக்கு அப்பால் ஒரு நோயாளியின் பயணக் குறிப்பாகவும் என்னால் வாசிக்க முடிகிறது.

அதே வட்டாரத்தில் மாங்காட்டில் வெள்ளீசுவரர் இருக்கிறார். வெள்ளி என்பது சுக்கிரன். மாவலி தாரை வார்க்கும்போது கமண்டலத்தின் மூக்கை வண்டாக அடைத்துக்கொண்டு, வாமனன் தர்ப்பைப் புல்லால் குத்தியதில் ஒரு கண்ணை இழந்த அதே சுக்கிராச்சாரியார். நீர் வரும் வழி அடைபட்டது, மெல்லிய ஒன்றால் குத்தி அதைத் திறந்தார்கள், அதில் ஒரு கண் போயிற்று. நான் எழுத வந்த விஷயத்தில் இதே மூன்று சம்பவங்களும் வேறு வரிசையில் வருகின்றன. புராணத்தில் நவீன மருத்துவத்தைத் தேடும் வேலையில் எனக்கு நம்பிக்கையில்லை. இந்தப் படிமம் கையருகே கிடந்ததால் சொன்னேன், அவ்வளவே.

கிளாக்கோமா என்னும் நோய்க்குத் தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கிரேக்கச் சொல் சாம்பல் கலந்த நீலப்பச்சை நிறத்தைக் குறிப்பது. நோயைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தமிழ்ப் பெயர் மேல். ஏரிகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு நோயையும் எளிதில் விளக்கிவிடலாம். ஓர் ஏரிக்கு நீர் வரத்து உண்டு, மதகு உண்டு, கலங்கல் உண்டு. வரத்து குறையாமல் இருந்து போக்குக் கால் மட்டும் தூர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை செம்பரம்பாக்கத்துக்குக் கீழே குடியிருந்தவர்கள் 2015 டிசம்பருக்கு முன்பே அறிந்திருக்க வேண்டியவர்கள்.

கண்ணுக்குள்ளும் ஒரு நீர் ஊறிக்கொண்டேயிருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. வில்லையைச் சுற்றியுள்ள திசுக்களில் சுரந்து, பாப்பாவின் வழியே முன்னறைக்கு வந்து, கருவிழியும் அதன் பின்னுள்ள வண்ணத் திரையும் சந்திக்கும் கோணத்தில் இருக்கும் சல்லடை போன்ற திசுவில் வடிந்து, இரத்த ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு சேர ஏறக்குறைய இருபது நிமிடம். இந்த வரத்தும் போக்கும் சமனாக இருக்கும்வரை கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். சல்லடை அடைபட்டாலோ, கோணமே மூடிக்கொண்டாலோ அழுத்தம் ஏறும். கரை உடையாத ஏரி இது. ஆகவே அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியது கண்ணின் பின்புறம் இருக்கும் பார்வை நரம்பு. ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகள் கொண்ட அந்த நரம்பு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சாகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. நடுப்பார்வை கடைசிவரை இருப்பதால் செய்தித்தாள் வாசிக்க முடியும், ஊசியில் நூல்கூடக் கோத்துவிடலாம். பக்கத்தில் வரும் சைக்கிள் மட்டும் தெரியாது. கண்புரை என்றால் அறுவைக்கு மறுநாள் உலகம் திரும்பக் கிடைக்கிறது. இதில் போனது போனதுதான். எந்தச் சிகிச்சையானாலும் எஞ்சியிருப்பதைக் காப்பதற்கு மட்டுமே. இந்த நோயின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கொடுமையைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது.

இதைச் சென்னையிலிருந்து எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. இந்த வரலாற்றின் ஒரு முக்கியமான அத்தியாயம் எழும்பூரில் நடந்தது, இன்னொன்று மதுரையில். எழும்பூரிலிருந்து மேற்கே, பின்னாளில் ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்று பெயர் மாறிய பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு போனால், மதுரைக்காரர்கள் 2017-இல் நூம்பலில் தொடங்கிய கண் மருத்துவமனை வந்துவிடும். இடையில் பதினைந்து கிலோமீட்டர் போலிருக்கும். காலத்தில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல்.

லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை தோன்றியது 1805-இல். எகிப்துப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் கண்நோய் அதற்கு ஒரு காரணம். அடுத்து, 1819-இல், கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்க ராபர்ட் ரிச்சர்ட்சன் என்பவரை அனுப்பியது. ராயப்பேட்டையில் தொடங்கி, பின்னர் எழும்பூருக்கு இடம்பெயர்ந்த அந்த மருத்துவமனைதான் பிறகு அரசு கண் மருத்துவமனை ஆயிற்று. கண்ணுக்கென்றே தனியாக ஏற்பட்ட மருத்துவமனைகளில் உலகிலேயே இரண்டாவது பழமையானது என்று அதைச் சொல்கிறார்கள். நம்மவர்கள் அதன் மதில் ஓரத்தில் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது இதை நினைப்பதில்லை.

1904 முதல் 1914 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ராணுவ வைத்தியர். அதற்கு முன் பாம்பு விஷங்களை ஆராய்ந்தவர். எதையும் நேரில் அறுத்துப் பார்த்தால்தான் நம்புவார். ஊர் ஊராகத் திரிந்து ஊசியால் கண்புரையைத் தள்ளிவிடும் நாட்டு வைத்தியர்களிடம் சென்று, பிறகு பார்வையிழந்து வந்த நோயாளிகளின் கண்களைச் சேகரித்து, வெட்டி, ஆராய்ந்து 1917-இல் லண்டனில் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை நூலாகவும் வந்தன. புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிட்டால் முதல் நாள் பார்வை வருவது உண்மை. பின்னால் அழற்சியும் அழுத்தமும் ஏறிக் கண் அணைந்துபோவதும் உண்மை. அதற்குள் வைத்தியர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

எலியட்டின் காலத்தில் கிளாக்கோமாவுக்கு இருந்த ஒரே உறுதியான அறுவை, ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே 1857-இல் சொன்னது: வண்ணத் திரையில் ஒரு துண்டை வெட்டி எடுப்பது. திடீரென்று கோணம் மூடிக்கொண்டு வலியோடு வரும் வகைக்கு அது பலித்தது. சத்தமில்லாமல் வரும் வகைக்குப் பலிக்கவில்லை. பிரான்சில் லக்ராஞ்ச் 1906-இல் விழிவெண்படலத்தில் ஒரு துண்டை நீக்கி, நீர் கசிந்து வெளியேறும்படியான தழும்பை உண்டாக்கினார். வேண்டுமென்றே கண்ணில் ஓட்டை போட்டு, அது ஆறாமல் இருக்கவேண்டும் என்று விரும்புவது வைத்திய மரபுக்கே தலைகீழான எண்ணம். காயம் ஆற வேண்டும் என்பதற்காகத்தானே வைத்தியர் இருக்கிறார்?

1909 ஆகஸ்டில் எலியட் எழும்பூரில் அந்த ஓட்டையை எளிமைப்படுத்தினார். டிரெபைன் என்பது சுற்றி அறுக்கும் சிறு உருளைக் கத்தி. கண்ணின் மேற்படலத்தை மடித்து விலக்கி, கருவிழியும் வெண்படலமும் சேரும் எல்லையில், 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டத் துண்டை எடுத்துவிட்டு, மேற்படலத்தை மீண்டும் போர்த்திவிடுவது அவர் செய்தது. நீர் துளை வழியாக வெளியேறிப் படலத்துக்கு அடியில் ஒரு சிறு கொப்புளமாகத் தங்கி, அங்கிருந்து உறிஞ்சப்பட்டுவிடும். அதே ஆண்டில் கிளாஸ்கோவின் ஃப்ரீலேண்ட் ஃபெர்கஸ் என்பவரும் டிரெபைனைப் பயன்படுத்தியிருந்தார். முதன்மை யாருக்கு என்ற பூசல் அந்தக் காலத்து இதழ்களில் நடந்தது. ஃபெர்கஸ் துளையிட்டது சற்றுப் பின்னால். சரியான இடத்தைக் கண்டதும், அதை ஏராளமான கண்களில் செய்து காட்டியதும் எலியட். 1913-இல் அவருடைய நூல் வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த அறுவை அவர் பெயராலேயே வழங்கிற்று.

அத்தனை கண்கள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன என்று கேட்க வேண்டும். சென்னை மாகாணத்தின் கிராமங்களிலிருந்து, ஏறத்தாழ முழுக்கக் குருடான பிறகே வந்து சேர்ந்த மனிதர்களிடமிருந்து. லண்டன் மருத்துவர் வாழ்நாளில் பார்க்கும் நோயாளிகளை சென்னை மருத்துவர் சில ஆண்டுகளில் பார்த்துவிடுவார் என்பது காலனிய மருத்துவத்தின் பெருமையாகச் சொல்லப்பட்டது. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. இதைச் சொல்வதால் எலியட் குறைந்துவிடவில்லை. ஆளும் இனத்தின் செருக்கு அவரிடம் இருந்தது. நோயாளி மீண்டும் வரமாட்டார், ஆகவே ஒரே அறுவையில் முடிய வேண்டும் என்ற நடைமுறை ஞானமும் இருந்தது. மாதாமாதம் சொட்டு மருந்து வாங்க வழியில்லாதவருக்கு ஏற்ற சிகிச்சையைத் தேடினார் என்பதே அவருடைய பங்களிப்பின் சாரம். அந்தத் தேடலைப் பின்னால் மதுரையில் மறுபடி பார்க்கப் போகிறோம்.

ஒரு சிறு விலகல். ஓய்வுக்குப் பின் எலியட் லண்டன் மாயாஜாலக்காரர்கள் சங்கத்தின் அமானுஷ்ய விசாரணைக் குழுவுக்குத் தலைவரானார். இந்தியக் கயிற்று வித்தை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று நிறுவுவதில் 1936-இல் இறக்கும்வரை அவருக்கு அடங்காத ஆர்வம். 1934-இல் ‘மர்மக் கீழைநாடு என்னும் கட்டுக்கதை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகமே எழுதினார். ஊசி வைத்தியர்களைத் துரத்திய அதே மனம்தான் கயிற்று வித்தைக்காரனையும் துரத்தியது. எழும்பூர் மருத்துவமனையில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கயிற்று வித்தைக்காரனுக்கு எங்கும் இல்லை.

நிற்க. எலியட்டின் துளைக்கு இரண்டு எதிரிகள் இருந்தார்கள். ஒன்று, ஆறிவிடும் குணம்: உடல் தழும்பிட்டுத் துளையை மூடிவிடும். மற்றது, ஆறாமலே போவது: கொப்புளத்தின் தோல் ஆண்டுக்கணக்கில் மெலிந்து மெலிந்து, ஒருநாள் அதன் வழியே கிருமி உள்ளே புகுந்து, காப்பாற்றிய கண்ணையே அழித்துவிடும். கேம்பிரிட்ஜில் கெய்ர்ன்ஸ் 1968-இல் துளைக்கு மேல் வெண்படலத்தின் பாதித் தடிமனில் ஒரு மூடி வைத்தார். டிராபெகுலெக்டமி என்று இன்றும் உலகெங்கும் செய்யப்படும் அறுவை அது. ஒருவகையில் எலியட்டின் துளைக்குக் கதவு போட்டதுதான்.

ஆனால் சில கண்களில் கதவும் நிற்பதில்லை. முன்பே அறுவை நடந்து தழும்பேறிய கண், அடிபட்ட கண், நீரிழிவால் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கோணத்தை அடைத்துவிட்ட கண், பிறவியிலேயே அழுத்தத்தோடு வந்த குழந்தையின் கண். இவற்றில் உடல் எந்தத் துளையையும் வேகமாக மூடிவிடும். அப்படியானால் துளைக்குள் எதையாவது வைத்துவிட்டால் என்ன?

இந்த யோசனை எலியட்டுக்கும் முந்தியது. 1900-களின் தொடக்க ஆண்டுகளில் லியோனில் ரோலே என்பவர் கண்ணுக்குள்ளிருந்து வெளியே ஒரு குதிரைமுடியைச் செருகி வைத்துப் பார்த்தார். 1912-இல் இங்கிலாந்தில் ஜோராப் பட்டு நூலை வைத்தார். பிறகு ஐம்பது அறுபது ஆண்டுகள் தங்கம், பிளாட்டினம், டாண்டலம், கண்ணாடி, பிளாஸ்டிக் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் தோற்றன. காரணத்தை எல்லோரும் துளையின் உள்முனையில் தேடினார்கள்.

வெளிமுனையில் தேடியவர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்த ஆன்டனி மால்டீனோ. குழாய் எத்தனை நன்றாக இருந்தாலும், அதன் வெளிவாயைச் சுற்றி உடல் ஒரு தழும்புப் பை கட்டும். அதைத் தடுக்க முடியாது. தடுக்க முடியாததை ஏன் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது? குழாயின் முனையில் ஒரு தட்டை வைத்தார். தழும்பு அந்தத் தட்டைச் சுற்றி, அதன் அளவுக்கே பையாகக் கட்டும். பை பெரிதானால் அதன் சுவர் வழியே கசிந்து உறிஞ்சப்படும் நீரும் அதிகம். 1969-இல் இதை வெளியிட்டார். 1973 வாக்கில் குழாயை நீளமாக்கி, தட்டைக் கருவிழி ஓரத்திலிருந்து தள்ளி, கண்கோளத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் தைத்தார். பின்னர் நியூசிலாந்தின் டனீடினுக்குக் குடிபெயர்ந்து அங்கிருந்து வாழ்நாள் முழுவதும் இதையே செப்பனிட்டுக்கொண்டிருந்தார். இந்த நூற்றாண்டுக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் திருப்பம். எதிரியாகக் கருதப்பட்ட தழும்பைக் கொத்தனாராக்கி, அதைக்கொண்டே குளம் வெட்டிய புத்தி. இன்று விற்கப்படும் தட்டுவகைச் சாதனங்கள் எல்லாம் மால்டீனோவின் வாரிசுகளே.

வாரிசுகள் இரு கிளையாகப் பிரிந்தார்கள். தட்டைச் சுற்றிப் பை கட்டச் சில வாரங்கள் ஆகும். அதுவரை குழாய் திறந்திருந்தால் கண்ணின் நீரெல்லாம் கொட்டிப்போய் கண் தொய்ந்துவிடும். ஆகவே நடுவில் ஒரு வால்வு வேண்டும் என்றது ஒரு கிளை. 1976-இல் குருபின் ஒரு வால்வு செய்தார். மாத்தீன் அகமது வடிவமைத்து 1993-இல் அமெரிக்காவில் வந்த வால்வுதான் உலகெங்கும் பரவியது. மெல்லிய சிலிகோன் இதழ்கள் அழுத்தம் 8 முதல் 12 வரை ஏறும்போது மட்டும் திறந்துகொள்ளும். தட்டின் பரப்பு 184 சதுர மில்லிமீட்டர். ஜார்ஜ் பேர்வெல்ட் 1990-இல் தொடங்கிய மற்றக் கிளைக்கு வால்வு கிடையாது. தட்டு மட்டும் பெரிது. 350 சதுர மில்லிமீட்டர் தட்டின் இரு சிறகுகளையும் கண்ணை அசைக்கும் தசைகளுக்கு அடியில் செருகிவிட வேண்டும். முதல் வாரங்களுக்குக் குழாயை நூலால் கட்டி அடைத்துவிட வேண்டியதுதான்.

இவையெல்லாம் கடைசி முயற்சி என்ற நிலையில் வெகுகாலம் இருந்தன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 17 மையங்களில் 212 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஒப்பீடு இந்த எண்ணத்தை அசைத்தது. ஏற்கெனவே அறுவை கண்ட கண்களில், ஐந்தாண்டு முடிவில் 350 தட்டுக் குழாய் வைத்தவர்களில் 29.8 சதவீதமும், டிராபெகுலெக்டமி செய்துகொண்டவர்களில் 46.9 சதவீதமும் தோல்வி கண்டிருந்தார்கள். இது 2012-இல் வெளியாயிற்று. வெற்றி என்று கொண்டாடத் தேவையில்லை. பத்துக் கண்ணில் மூன்று தோற்பது என்பது அந்த மூன்று பேருக்குப் பத்துக்குப் பத்து.

நம் ஊரில் இந்த விவாதத்துக்கு முன்னால் வேறொரு கேள்வி நின்றது: விலை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு வால்வின் விலை, இங்கே ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத வருமானம். அறுவை செய்யத் தெரிந்த கை இருக்கும், செய்யவேண்டிய கண் முன்னால் இருக்கும், நடுவில் வைக்கவேண்டிய பொருள் இருக்காது.

கோவிந்தப்ப வேங்கடசாமியின் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு கண் அறுவை கற்றுக்கொண்டவர். அவர் கண் மருத்துவம் படித்தது எலியட்டின் அதே எழும்பூர் மருத்துவமனையில், 1950-களின் முற்பாதியில். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அதன் உற்பத்திப் பிரிவாக ஆரோலேப் வந்தது. நூறு டாலர் அளவில் இருந்த கண் வில்லையை முதலில் பத்து டாலருக்கும், பிறகு அதற்கும் கீழேயும் கொண்டுவந்து, கண்புரை அறுவையின் பொருளாதாரத்தையே அது புரட்டிப்போட்டது.

அந்த ஆரோலேப் 2013-இல் கிளாக்கோமாவுக்கான வடிகால் சாதனத்தை வெளியிட்டது. சிலிகோனால் ஆனது, வால்வு கிடையாது, தட்டு 350 சதுர மில்லிமீட்டர். பேர்வெல்ட் வகையை ஒட்டியது. விலை ஐம்பது டாலர் அளவில். வால்வு உள்ள வடிவத்தை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. வால்வு என்பது நுண்ணிய இயங்கு உறுப்பு. செய்வதும் சோதிப்பதும் செலவு. தட்டும் குழாயும் மட்டுமென்றால் அச்சில் வார்த்துவிடலாம். பெரிய தட்டு நீண்டகாலத்தில் அழுத்தத்தை நன்றாகவே தணிக்கிறது. வால்வு செய்யவேண்டிய வேலையை அறுவை மருத்துவரின் கையும் ஒரு நூலும் செய்துவிடும். இயந்திரத்தில் மிச்சமாகும் காசை மனித உழைப்பால் ஈடுகட்டுவது என்ற இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாதிப் பட்டறைகள் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. ஆயினும் இங்கே அது இரண்டாந்தரமான தீர்வாக முடியவில்லை. சண்டிகரில் குழந்தைகளின் கண்ணில் வைத்துப் பார்த்தவர்களும், ஹைதராபாத்தில் அகமது வால்வோடு ஒப்பிட்டவர்களும் தந்த முடிவுகள் நம்பிக்கையூட்டின. பிற ஏழை நாடுகளுக்கும் அது போயிற்று.

குழாயைக் கட்டும் நூலைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. தானாகக் கரையும் நூல் அது. கண்ணுக்குள் நுழையும் குழாயின் உள்விட்டம் 0.3 மில்லிமீட்டர், அதை இறுகக் கட்டிவிடுகிறார்கள். ஐந்து ஆறு வாரத்தில் நூல் கரையும். அதற்குள் தட்டைச் சுற்றிப் பை கட்டியிருக்கும். நூல் அவிழும் நாளில் நீர் திடீரென்று பாயும், அழுத்தம் விழும், சிலருக்கு ஆபத்தான அளவுக்கு விழும். அதுவரையிலான வாரங்களில் பழைய சொட்டு மருந்துகளையும் விடாமல் போட வேண்டும். ஆகவே இந்தச் சாதனத்தின் உண்மையான விலை ஐம்பது டாலர் மட்டுமல்ல. திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வருவதும் அதில் சேர்த்தி. திருவள்ளூருக்கு அப்பாலுள்ள கிராமத்திலிருந்து, துணைக்கு ஓர் ஆளின் ஒருநாள் கூலியையும் இழந்து, இரண்டு பஸ் மாறி வருகிற நோயாளிக்கு ஆறாவது வாரத்தின் அந்த ஒரு நாள் தவறிப்போனால்? ஒரே அறுவையோடு முடிய வேண்டும், ஏனென்றால் நோயாளி திரும்பி வரமாட்டார் என்ற எலியட்டின் கவலை 1909-இல் தொடங்கியது. நூறு ஆண்டுக்குப் பின்னும் அது தீரவில்லை. நோயாளியிடமிருந்து பதினைந்து கிலோமீட்டரோ ஐம்பது கிலோமீட்டரோ தூரத்தைக் குறைக்கும் ஒரு மருத்துவமனை நெடுஞ்சாலையில் எழுவதற்கு இந்த நோயைப் பொறுத்தவரை கண்ணுக்குள் வைக்கும் தட்டுக்கு நிகரான பயன் உண்டு என்றே நினைக்கிறேன்.

இன்னொரு சின்ன விவரம். குழாய் கண்ணுக்குள் நுழையும் இடத்தில் மேற்படலம் காலப்போக்கில் அரிந்து குழாய் வெளியே தலைகாட்டிவிடக்கூடும். அதைத் தடுக்க அதன்மேல் ஒரு ஒட்டு வைக்கிறார்கள். பெரும்பாலும் இறந்தவர் தானமாகக் கொடுத்த கண்ணின் வெண்படலம், அல்லது மாற்று அறுவைக்குத் தகாத கருவிழிப் படலம். கண்தானம் என்றால் இருவருக்குப் பார்வை என்று சுவரொட்டிகளில் வாசித்திருக்கிறோம். சுவரொட்டியில் இடம்பெறாத இந்த ஒட்டும் தானத்திலிருந்து வருவதுதான். இந்தியாவின் முதல் கண் வங்கியை 1945-இல் ஆர்.இ.எஸ். முத்தையா தொடங்கியதும் எழும்பூரில்தான்.

யாருக்கு இதெல்லாம் நேர்கிறது? லேத்தில் தெறித்த இரும்புச் சில்லு கண்ணைத் துளைத்து, காயம் ஆறிய பல ஆண்டுகளுக்குப் பிறகு அழுத்தம் ஏறுகிறவர் உண்டு. தொழிற்பேட்டைகளுக்கு நடுவே இருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கண் அரிப்புக்கு மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டை மாதக்கணக்கில் போட்டு அழுத்தத்தை வரவழைத்துக்கொள்ளும் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. இது முற்றிலும் தவிர்க்கக்கூடியது என்பதால் எனக்கு இதில்தான் கோபம் அதிகம். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. பெருங்கண்ணோடு பிறந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அழும் குழந்தைகள் உண்டு. அந்தப் பெரிய விழிகளை அழகென்று கொஞ்சிக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. நூம்பல் மருத்துவமனை சாலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தப் பள்ளி அங்கே இருக்கிறது; இரண்டுக்கும் இடையில் சில கிலோமீட்டர் தூரம்தான்.

சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், லிங்கம் விஜயா தலைமையில், 2001 முதல் 2004 வரை ஓர் ஆய்வு நடத்தினார்கள். சென்னை நகரின் ஐந்து வட்டங்களிலும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் அடுத்தடுத்த 27 கிராமங்களிலும் 40 வயதைக் கடந்தவர்களை வீடு வீடாக அழைத்து வந்து கண்ணைப் பரிசோதித்தார்கள். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தவை. நகரில் 3,850 பேர். கிராமங்களில் 3,900 பேருக்குச் சற்று அதிகம். கோணம் திறந்திருக்கும், சத்தமில்லாத வகை கிளாக்கோமா நகரில் 3.51 சதவீதம் பேருக்கும், கிராமத்தில் 1.62 சதவீதம் பேருக்கும் இருந்தது. நகரத்தில் நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்குத் தமக்கு அப்படி ஒன்று இருப்பதே அதுவரை தெரியாது. சாலைக்குச் சாலை கண் மருத்துவர் பலகை தொங்கும் நகரத்தில் இது. கிராமங்களில் அந்த நோயோடு கண்டறியப்பட்டவர்கள் 64 பேர். அவர்களில் முன்பே தெரிந்து வைத்திருந்தவர் ஒரே ஒருவர்.